வாசகர் கேள்வி–பதில்: மாட்டு ஏப்பமும் பூமியின் சூடும்

சென்ற இதழில் கோடை வெப்பம் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவதைப் பற்றி எழுதியபோது, மீத்தேன் வாயுவைச் சொன்ன இடத்தில் ஆடு மாடுகளையும் ஒரு வரியில் சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். கோபமாக வந்தவை, கவலையோடு வந்தவை, நேரடியாக ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்டவை எல்லாமே இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: நாலு கறவை மாடு வைத்து, பால் சொசைட்டிக்கு ஊற்றிப் பிழைக்கிறோம். மாடு விடும் வாயுவால் உலகம் சூடாகிறது என்று பேரன் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறான். நிஜமாகவே எங்கள் மாடும் காரணமா?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: பேரன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது முதல் காரணமும் இல்லை.

பூமி சூடாவதற்கு முதல் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு இவற்றை எரிப்பதால் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அடுத்த இடத்தில்தான் மீத்தேன். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் இன்று ஏறியிருக்கும் வெப்பத்தில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு சுமார் 0.8 டிகிரி, மீத்தேனின் பங்கு சுமார் 0.5 டிகிரி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர்களால் வெளியாகும் மீத்தேனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளிடமிருந்து வருகிறது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், நிலக்கரிச் சுரங்கங்கள் இவற்றின் கசிவு இன்னொரு மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். குப்பைமேடுகளும் சாக்கடையும் ஐந்தில் ஒரு பங்கு. நெல் வயல் சுமார் 8 சதவீதம்.

ஆக, உங்கள் நாலு மாடும் அந்தக் கணக்கில் இருக்கின்றன. அதற்காக உங்கள் வீட்டார் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதில்லை. இந்தியா ஐ.நா.வுக்கு அனுப்பிய கணக்கில் நம் நாட்டின் மொத்த வெப்பவாயு (பூமியைச் சூடாக்கும் வாயுக்கள்) வெளியேற்றத்தில் முக்கால் பங்கு எரிசக்தித் துறையிலிருந்து வருகிறது. விவசாயம் முழுவதும் சேர்ந்தே 14 சதவீதம் போலத்தான். அதில் பாதிக்குச் சற்று மேல் கால்நடையின் வயிற்றிலிருந்து வருவது. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும்.

கேள்வி: மாடு வாயு விடுவதால் என்கிறார்களே, அது சாணம் போடும் பக்கமாக வருவதுதானே?
– ஒரு கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இல்லை, வாய் வழியாகத்தான் வருகிறது. மாட்டின் வயிற்றில் உருவாகும் மீத்தேனில் ஏறத்தாழ 95 சதவீதம் ஏப்பமாகவும் மூச்சோடு கலந்தும் வெளியேறுகிறது.

மாட்டுக்கு நான்கு அறை கொண்ட வயிறு. முதல் அறை பெரியது, நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். உள்ளே காற்று கிடையாது, சூடு உண்டு, ஈரம் உண்டு, கோடானுகோடி நுண்ணுயிர்கள் உண்டு. நம்மால் ஜீரணிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் இந்த நுண்ணுயிர்கள்தான் நொதிக்கவைத்து மாட்டுக்கு உணவாக மாற்றிக் கொடுக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அது அப்படியே தேங்கினால் நொதித்தல் தடைப்படும். ஆர்க்கியா என்ற பழமையான நுண்ணுயிர் வகை ஒன்று அந்த ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடுகிறது. மாடு ஏப்பம் விட்டு அதை வெளியே தள்ளுகிறது. ஏப்பம் விட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: வயிறு உப்பிவிடும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதில் விவசாயி கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மீத்தேன் என்பது எரியக்கூடிய வாயு, அதாவது சக்தி. மாடு தின்ற தீவனத்தின் மொத்தச் சக்தியில் சராசரியாக 6 சதவீதம் போல இந்த ஏப்பத்தில் போய்விடுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட தீவனத்தின் ஒரு பகுதி பாலாகாமல் காற்றில் போகிறது. நான் இந்த விஷயத்தை விடாமல் எழுதிக்கொண்டிருப்பதே இதற்காகத்தான். மீத்தேனைக் குறைப்பதும் மாட்டை நன்றாக வளர்ப்பதும் பெரும்பாலான இடங்களில் ஒரே வேலைதான்.

கேள்வி: புல் காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது, மாடு புல்லைத் தின்கிறது, அந்தக் கார்பன் திரும்பக் காற்றுக்குப் போகிறது. இது சுழற்சிதானே? புதிதாக எதுவும் சேரவில்லையே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி. இதில் பாதி சரி. மாடு விடும் கார்பன் பூமிக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தது இல்லை, அண்மையில் காற்றிலிருந்து வந்தது. நிலக்கரியோடு இதை ஒன்றாக வைக்கக்கூடாது என்பது நியாயமான பேச்சு.

மீதிப் பாதியில்தான் சிக்கல். கார்பன் டை ஆக்சைடாக உள்ளே போனது மீத்தேனாக வெளியே வருகிறது. எடைக்கு எடை பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு போலவும், 100 ஆண்டுக் கணக்கில் 27 மடங்கு போலவும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சுமார் 12 ஆண்டுகளில் காற்றிலேயே சிதைந்து பழையபடி கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த 12 ஆண்டும் அது சும்மா இருப்பதில்லை.

அடியில் ஓட்டை உள்ள தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் வரும் தண்ணீரும் ஓட்டையில் போகும் தண்ணீரும் ஒரே அளவு என்றால் மட்டம் ஏறாது. மாடுகளின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாக மாறாமல் இருந்தால் அவற்றால் காற்றில் இருக்கும் மீத்தேனும் ஏறக்குறைய அதே அளவில் நிற்கும், சூடும் மேலும் மேலும் ஏறிக்கொண்டே போகாது. குழாயைக் கூடத் திறந்தால் மட்டம் ஏறும். உலகத்தில் நடந்தது இதுதான். 1961-இல் சுமார் 94 கோடியாக இருந்த மாடுகள் இன்று 150 கோடியைத் தாண்டிவிட்டன, எருமையும் ஆடும் இந்தக் கணக்கில் இல்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு: குழாயைக் கொஞ்சம் மூடினால் மட்டம் சீக்கிரமே இறங்கும். நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும் கார்பன் டை ஆக்சைடில் அது நடக்காது. நம் ஆயுளிலேயே பலன் தெரிய வேண்டும் என்றால் மீத்தேனில் கை வைக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: அமெரிக்காக்காரன் தினமும் மாட்டுக்கறி தின்கிறான். பழி மட்டும் நம் நாட்டு மாட்டின் மேலா? நாட்டு மாடு மீத்தேனே விடாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கோபத்தின் முதல் பாதியில் எனக்கு முழு உடன்பாடு. சராசரி அமெரிக்கர் ஒருவர் தின்னும் இறைச்சிக்கு நம் ஊர்க்காரர் தின்பது கிட்டவே வராது. ஆளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் நாம் அந்த வரிசையில் கீழே இருக்கிறோம்.

வீடியோ சொன்னது தவறு. அசை போடும் எந்த மாடும் மீத்தேன் விடும், காங்கேயமும் விடும், உம்பளச்சேரியும் விடும், பர்கூரும் விடும். நாட்டு மாடு உடல் சிறியது, தின்பது குறைவு, அதனால் ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று பார்த்தால் குறைவாக விடும். ஐபிசிசியின் 2006 வழிகாட்டி நூலில் வட அமெரிக்கக் கறவை மாட்டுக்கு ஆண்டுக்கு 128 கிலோ மீத்தேன் என்றும் இந்தியத் துணைக்கண்டத்துக் கறவைக்கு 58 கிலோ என்றும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதே அட்டவணையில் அங்குள்ள மாடு ஆண்டுக்கு 8,400 கிலோ பால் கறக்கிறது, இங்குள்ளது 900 கிலோ. லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் நம் பக்கம் நான்கு மடங்கு கூடுதலாக வந்து நிற்கிறது. எந்தக் கணக்கை எடுத்துப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பழி இடம் மாறும், அதனால் இந்த விவாதத்தில் யார் எண் சொன்னாலும் ‘மாட்டுக்கா, லிட்டருக்கா, ஆளுக்கா’ என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காங்கேயம் பாலுக்காக வளர்த்த இனமே இல்லை, உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்தது. அதைப் போய் லிட்டர் கணக்கில் அளப்பது அநியாயம். உழவு, எரு, கன்று, வறட்சியைத் தாங்கும் குணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும்.

இந்தியாவின் மாட்டு எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் பசுவும் காளையுமாகச் சுமார் 20 கோடி இருந்தன. 2019-இல் எடுத்த 20வது கால்நடைக் கணக்கெடுப்பில் 19 கோடியே சொச்சம். கூடியது எருமைதான், 7.6 கோடியிலிருந்து கிட்டத்தட்ட 11 கோடிக்கு. தமிழ்நாட்டில் எருமை குறைந்துகொண்டே வருகிறது என்பது வேறு கதை.

கேள்வி: ஒருவர் 18 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 14.5 என்கிறார், 12 என்றும் படித்தேன். எதை நம்புவது?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: உலகின் மொத்த வெப்பவாயு வெளியேற்றத்தில் கால்நடைத் தொழிலின் பங்கு என்று சொல்லப்படும் எண்கள் இவை. மூன்றுமே ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொன்னவைதான். 2006-இல் 18, 2013-இல் 14.5, 2023-இல் 12. கணக்கிடும் முறையும் எடுத்துக்கொண்ட ஆண்டும் மாற மாற எண்ணும் மாறியது. இவை மீத்தேன் மட்டும் இல்லை, தீவனம் விளைவிப்பது, காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்குவது, உரம், போக்குவரத்து என்று கால்நடைத் தொழில் முழுவதும் சேர்ந்தது. 2006 அறிக்கையை வைத்து ‘உலகத்து வாகனங்களைவிட மாடுகளால் கேடு அதிகம்’ என்று பரப்பினார்களே, அந்த ஒப்பீடு சரியில்லை. மாட்டுக்குத் தீவனம் முதல் எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, வாகனத்துக்குப் புகைக்குழாயில் வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அறிக்கை எழுதியவர்களில் ஒருவரே பின்னர் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த வாக்கியம் இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

கேள்வி: பசு ஆக்சிஜனை வெளியிடும் ஒரே பிராணி என்கிறார்களே?
– ஒரு வாசகி, கோவை

பதில்: இல்லை. எல்லா விலங்கையும் போலப் பசுவும் ஆக்சிஜனை இழுத்து கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. மனிதர் விடும் மூச்சிலும் உபயோகப்படாத ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், பசுவின் மூச்சிலும் இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: வெளிநாட்டில் மாட்டுக்கு வரி போடுகிறார்களாமே? இங்கேயும் வந்துவிடுமா என்று பயமாக இருக்கிறது.
– பால் உற்பத்தியாளர், நாமக்கல்

பதில்: நியூசிலாந்தில் பல முறை முயன்றார்கள். அந்த நாட்டின் வெளியேற்றத்தில் கிட்டத்தட்டப் பாதி விவசாயத்திலிருந்துதான், அதனால் அவர்களுக்கு இது தலையாய பிரச்சினை. 2003-இல் வரி பேச்சு வந்தபோது விவசாயிகள் கொதித்தெழுந்து, ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே டிராக்டரை நாடாளுமன்றப் படிக்கட்டில் ஏற்றினார். 2022-இல் மறுபடி ஒரு திட்டம் வந்தது, 2024-இல் புதிய அரசு அதைக் கைவிட்டது. டென்மார்க்தான் முடிவு எடுத்திருக்கும் முதல் நாடு. 2030 முதல் வரி என்று விவசாயிகள் சங்கங்களையும் உட்காரவைத்துப் பேசி, வரித் தள்ளுபடியும் கொடுத்து, 2024-இல் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

இந்தியாவில் அப்படி எந்தத் திட்டமும் இல்லை. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைக்க ஓர் உறுதிமொழியைக் கொண்டுவந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்துப் போட்டன, இந்தியா போடவில்லை. நம் மீத்தேனில் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் மாட்டிலிருந்தும் நெல்லிலிருந்தும் வருவது, அது பிழைப்புக்காக வருவது, ஆடம்பரத்துக்காக வருவது இல்லை என்பது அரசு சொன்ன காரணம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஒரு மாடு வைத்து, பால் பணத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கும் நிலமில்லாத குடும்பத்தின் மேல் வரி போடுவது அக்கிரமம். அதே சமயம் ‘பிழைப்பு’ என்று சொல்லிவிட்டு அந்தக் குடும்பத்துக்கு நல்ல தீவனமும் சரியான மருத்துவமும் கிடைக்கச் செய்யாமல் விட்டால், அந்த வாதத்துக்கு அர்த்தம் இல்லை.

கேள்வி: மீத்தேனைக் குறைக்கத் தீவனத்தில் மருந்து கலக்கிறார்களாம். பாலில் அது வராதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் சொல்வது போவேர் என்ற பெயரில் விற்கும் சேர்மானமாக இருக்கும். நாளுக்கு ஒரு மாட்டுக்குக் கால் தேக்கரண்டி அளவுதான். ஆர்க்கியா மீத்தேன் செய்யும்போது பயன்படுத்தும் கடைசி நொதியை இது தடுக்கிறது, பிறகு வயிற்றிலேயே சிதைந்துவிடுகிறது. கறவை மாடுகளில் 30 சதவீதம் போல மீத்தேன் குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-லும் அமெரிக்கா 2024-லும் அனுமதி கொடுத்தன, சொன்ன அளவில் கொடுத்தால் பால் குடிப்பவருக்குக் கேடில்லை என்று பரிசோதித்த பிறகுதான் கொடுத்தன. அப்படியிருந்தும் 2024 இறுதியில் பிரிட்டனில் ஒரு பால் கூட்டுறவு இதைச் சோதித்துப் பார்ப்பதாக அறிவித்ததும், ஜனங்கள் பாலைக் கழிப்பறையிலும் சமையலறைத் தொட்டியிலும் கொட்டி வீடியோ போட்டார்கள். மக்களிடம் முதலில் விளக்காமல் பாலில் கை வைக்கக்கூடாது என்பதை அங்கே பார்த்துவிட்டோம்.

ஆஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புக் கடல்பாசி சில சோதனைகளில் 80 சதவீதம் வரைகூடக் குறைத்திருக்கிறது. ஆனால் அதைப் பெருமளவில் வளர்ப்பது கடினம், அதிலுள்ள புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள் பற்றியும் கேள்விகள் உண்டு.

நமக்கு நெருக்கமானது பெங்களூரில் இருக்கிறது. அங்குள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்மானத்தை உருவாக்கியது. துவர்ப்புச் சத்தான டானின் நிறைந்த தாவரப் பொருள்களால் ஆனது. 17 முதல் 20 சதவீதம் வரை மீத்தேன் குறைவதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன் அதே நிறுவனம் புளியங்கொட்டைத் தோலை வைத்து ஒன்று செய்தது. புளியங்கொட்டைத் தோல் நம் ஊரில் மலையாகக் குவியும் பொருள், ஆகவே இந்த வழி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நம்பிக்கை தருகிறது. கிலோ ஆறு ரூபாய் போலச் செலவாகும் என்று அறிமுகப்படுத்தியபோது சொன்னார்கள், அது கிராமத்துக் கடை வரை வந்து சேர வேண்டும்.

கேள்வி: மருந்து, பாசி எல்லாம் எங்களுக்கு எட்டாது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?
– ஒரு பெண் விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

வைக்கோலை மட்டும் போட்டு வளர்க்கும் மாடுதான் தின்ற தீவனத்துக்கு அதிக மீத்தேனும் குறைந்த பாலும் தருகிறது. எனவே முதல் வேலை பசுந்தீவனம். கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைக் கொஞ்ச இடத்தில் நட்டால் ஆண்டு முழுக்க அறுக்கலாம். வேலிமசால், அகத்தி, சவுண்டல் இவற்றை வேலி ஓரத்தில் வையுங்கள். சவுண்டல் தழையில் டானின் இருப்பதால் மீத்தேனும் குறையும், ஆனால் அதில் மிமோசின் என்ற நச்சும் இருக்கிறது, அதனால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். எதையும் நறுக்கிப் போடுங்கள்.

வைக்கோல்தான் இருக்கிறது என்றால் யூரியா கரைசலில் பதப்படுத்தலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, அதைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்க வேண்டும். அளவு தப்பினால் மாட்டுக்கு விஷம், எனவே முதல் முறை கால்நடை மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், கன்றுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பருத்திக்கொட்டையிலும் செக்கில் ஆட்டிய தேங்காய்ப் பிண்ணாக்கிலும் உள்ள எண்ணெய்ச் சத்து மீத்தேனைக் குறைக்கும். அளவாக இருக்கட்டும், எண்ணெய் மிஞ்சினால் நார் செரிக்காது.

அப்புறம், பலரும் மீத்தேனோடு சேர்த்துப் பார்க்காத விஷயம் சினை. சினை பிடிக்காமல் ஒரு வருஷம் சும்மா நிற்கும் மாடும் தினமும் தின்கிறது, தினமும் ஏப்பம் விடுகிறது, பால் மட்டும் இல்லை. கிடேரி இரண்டரை, மூன்று வயதில் கன்று போட வேண்டியது நாலு வயது வரை தள்ளிப்போனாலும் இதே கதைதான். தாது உப்புக் கலவை, குடற்புழு நீக்கம், கோமாரித் தடுப்பூசி, பருவம் பார்த்துச் சினை ஊசி – இவை தவறாமல் நடந்தாலே ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் நன்றாக இறங்கும். தேசிய பால்வள வாரியம் மாட்டுக்கு மாடு தீவனத்தைச் சமன்படுத்திக் கொடுத்த திட்டத்தில் இதை நேரிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள், தீவனச் செலவும் குறைந்தது.

கேள்வி: சாணியாலும் மீத்தேன் வருமாமே. எருக்குழியை மூடிவிடவா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வெயிலில் காயும் சாணியிலிருந்தும் வரட்டியிலிருந்தும் மிகக் குறைவுதான் வரும். காற்றில்லாமல் தண்ணீரோடு தேங்கி நிற்கும் சாணிக் குழம்பில்தான் அதிகம் உருவாகிறது, மேலைநாட்டுப் பெரும் பண்ணைகளின் சாணிக் குளங்கள் அப்படிப்பட்டவை. எருக்குழியில் மழைத்தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் போதும். நாலைந்து மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலன் வைக்கலாம், தினமும் ஐம்பது கிலோ சாணி போல இருந்தால் சிறு குடும்பத்தின் அடுப்பு எரியும், கழிவு நல்ல உரம். குழாயில் கசிவு இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எரிக்காமல் கசிகிற வாயு மீத்தேன்தான்.

கேள்வி: பால், தயிர், ஆட்டுக்கறி எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் வீட்டுக் குழந்தையின் பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். 2018-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வில் 100 கிராம் புரதத்துக்கு வெளியாகும் வெப்பவாயு, கறிக்காக வளர்க்கும் மாட்டில் சராசரி 50 கிலோ, ஆட்டுக்கறியில் 20, கோழியில் 6-க்குக் கீழ், முட்டையில் 4 சொச்சம், பயறு வகைகளில் ஒரு கிலோவுக்கும் குறைவு என்று கணக்கு வந்தது. கறி வாரம் நாலு நாள் என்று இருக்கும் வீட்டில் இரண்டு நாள் முட்டைக்கும் பருப்புக்கும் மாறினால் வித்தியாசம் தெரியும். மாதம் ஒரு முறை கறி எடுக்கும் வீட்டுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கேள்வி: நெல் வயலிலும் மீத்தேன் என்றீர்களே, மாடும் நெல்லும் சேர்ந்து வைத்திருக்கிற நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: மாட்டு வயிற்றில் நடப்பதுதான் தேங்கிய வயல் சேற்றிலும் நடக்கிறது, அங்கேயும் காற்று இல்லை, அதே ஆர்க்கியாதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் சேற்றுக்குள் காற்றுப் போய் மீத்தேன் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். துளை போட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, தண்ணீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், காய்ச்சலின்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வெப்பவாயு கூடாமல் இருக்க அது உதவும்.